ரைடமைஸ்டர் நகர்வுகளைச் செய்து தரும் ஸ்னாப்பை மென்பொருள்: ஒரு மதிப்புரை

சிக்கலான ஒரு முடிச்சு வரைபடத்தை (முனைகள் இணைந்த மூடிய கயிற்றைத் தளத்தில் வரைந்த படத்தை) எளிமையாக்க வேண்டும், அல்லது இரண்டு வரைபடங்கள் ஒரே முடிச்சைத்தான் காட்டுகின்றனவா என்று அறிய வேண்டும் என்ற தேவை எழும்போது நான் முதலில் திறக்கும் மென்பொருள் ஸ்னாப்பை. மார்க் கல்லர், நேதன் டன்ஃபீல்டு, மத்தியாஸ் கோர்னர் ஆகியோர் உருவாக்கிய இது, ஜெஃப் வீக்ஸ் முன்னர் எழுதிய ஸ்னாப்பீ என்னும் நிரலின் உட்கருவைக் கொண்டு இயங்குகிறது. முப்பரிமாண வெளிகளின் இடவியலையும் வடிவியலையும் ஆராய்வதே அதன் முதன்மைப் பணி. அந்தப் பெரும்பகுதியை இங்கே தொடாமல், முடிச்சு வரைபடங்களை ரைடமைஸ்டர் நகர்வுகள், அதாவது முடிச்சை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றும் மூன்று அடிப்படை அசைவுகள், வழியாக மாற்றியமைக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விடையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் இந்தப் பகுதிக்கு நிகராக நான் பயன்படுத்திய வேறு எதையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த விடைக்கு எந்த வழியாக வந்தது என்பதை அது பயனருக்குக் காட்டுவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்தே என் மதிப்பீடு.

கருவி எதைச் செய்கிறது என்பதை எடைபோட, நகர்வுகளைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. முதல் நகர்வு இழையில் ஒரு சுழியைப் போடுகிறது அல்லது இருக்கும் சுழியை நீக்குகிறது. குறுக்குப்புள்ளி, அதாவது ஓர் இழை மற்றொன்றைக் கடக்கும் இடம், ஒன்று கூடும், அல்லது குறையும். இரண்டாம் நகர்வில் ஓர் இழை பக்கத்து இழையின் மேலாகவோ கீழாகவோ முழுவதும் சறுக்கி உள்ளே போகிறது, அல்லது பின்வாங்கி வெளியே வருகிறது. குறுக்குப்புள்ளிகள் இரண்டு கூடும், அல்லது குறையும். மூன்றாம் நகர்வில் இரண்டு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தை மூன்றாவது இழை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாண்டுகிறது. எண்ணிக்கை மாறாமல் அமைப்பு மட்டும் மாறுகிறது. ஒரே முடிச்சின் எந்த இரண்டு வரைபடங்களையும் இந்த மூன்று நகர்வுகளால் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றிவிடலாம் என்பதை 1927-இல் கர்ட் ரைடமைஸ்டர் நிறுவினார். ஏறத்தாழ அதே காலத்தில் அலெக்சாண்டரும் பிரிக்ஸும் தனியே அதே முடிவுக்கு வந்தனர். மூன்று நிறங்களால் இழைகளைத் தீட்டும் சோதனை முதல் ஜோன்ஸ் பல்லுறுப்புக்கோவை வரை, வரைபடத்திலிருந்து கணக்கிடும் ஒரு மதிப்பு முடிச்சுக்கே உரியதா என்று காட்ட இந்த மூன்றையும் சோதித்தால் போதும் என்பதால்தான் பாடநூல்கள் இந்தத் தேற்றத்தை அவ்வளவு முன்னால் வைக்கின்றன.

ஆனால் நகர்வுகளின் ஒரு தொடர் இருக்கிறது என்று மட்டுமே தேற்றம் உறுதியளிக்கிறது. அத்தொடர் எவ்வளவு நீளம், எங்கே தொடங்க வேண்டும், நடுவே குறுக்குப்புள்ளிகள் கூட வேண்டியிருக்குமா என்பவற்றில் அது எந்த உதவியும் செய்வதில்லை. ரைடமைஸ்டர் நகர்வுகளைச் செய்து தருவதாகச் சொல்லும் எந்த மென்பொருளையும் இந்த இடைவெளியை அது எவ்வாறு கையாள்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

நிறுவுவதில் சிரமமில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது, இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. பைத்தான் தெரிந்தவர்கள் அதன் ஒரு தொகுப்பாகவே சேர்த்துக்கொள்ளலாம். வரைபடத்தை உள்ளிடுவதற்கு பிலிங்க் என்னும் வரைபலகை உடன் வருகிறது. சுட்டியால் புள்ளி புள்ளியாகச் சொடுக்கிக்கொண்டே போய்த் தொடங்கிய புள்ளியில் முடித்தால் மூடிய வளையம் கிடைக்கிறது. எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்பதை மாற்ற அந்தக் குறுக்குப்புள்ளியின் மீது ஒருமுறை சொடுக்கினால் போதும். மூன்று குறுக்குப்புள்ளிகள் கொண்ட மிக எளிய முடிச்சான மூவிலை முடிச்சை வரைந்து, அவற்றில் ஏதேனும் ஒன்றைச் சொடுக்கிப் பாருங்கள்: முடிச்சு மறைந்து, முடிச்சற்ற வளையத்தின் மூன்று குறுக்குப்புள்ளி வரைபடம் ஒன்று திரையில் நிற்கும். முடிச்சுக் கோட்பாட்டை முதன்முதலாகத் தொடுபவருக்கு இந்த ஒரு சொடுக்கு நிறையக் கற்றுக்கொடுக்கும். வரைய விரும்பாதவர்கள் அட்டவணைப் பெயரையோ, குறுக்குப்புள்ளிகளை எண்களால் குறிக்கும் குறியீட்டையோ நேரடியாகக் கொடுக்கலாம். வரைந்த படத்துக்கு உரிய குறியீடுகளை வரைபலகையின் தகவல் பட்டியலே காட்டும்.

இனி முக்கியமான கட்டளைக்கு வருவோம். அதன் பெயர் சிம்பிளிஃபை; அதற்கு நான்கு முறைகள் உண்டு. இயல்பாக இயங்கும் பேசிக் முறை, எங்கெல்லாம் சுழி இருக்கிறதோ அங்கெல்லாம் முதல் நகர்வாலும், எங்கெல்லாம் ஓர் இழை வெறுமனே மற்றொன்றின் மேல் கிடக்கிறதோ அங்கெல்லாம் இரண்டாம் நகர்வாலும் குறைத்துக்கொண்டே போய், குறைக்க எதுவும் இல்லை என்னும் நிலையில் நின்றுவிடுகிறது. மேலே சொன்ன மூவிலை வரைபடத்தை இது நொடியில் வெறும் வளையமாக்கிவிடும். லெவல் முறை இதனுடன் மூன்றாம் நகர்வையும் சேர்க்கிறது: கிடைக்கும் மூன்றாம் நகர்வுகளில் ஏதோ ஒன்றைத் தற்செயலாகத் தேர்ந்து செய்து, அதனால் புதிதாகக் குறைக்கக்கூடிய இடம் ஏதும் திறந்ததா என்று பார்க்கிறது, தொடர்ந்து குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மூன்றாம் நகர்வுகளுக்குப் பின்னும் பலன் இல்லையென்றால் நிறுத்திக்கொள்கிறது. அந்த எண்ணிக்கை இயல்பாக 100, பயனர் மாற்றிக்கொள்ளலாம். தேர்வு தற்செயலானது என்பதால், ஒரே வரைபடத்தை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு வேறு முடிவுகள் வரக்கூடும். முதல் முறை நின்றுபோன இடத்தை இறுதி விடை என்று எடுத்துக்கொள்ளாமல் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது இந்த முறையைப் பயன்படுத்துபவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று.

மூன்றாவதான பிக்கப் முறையே இந்த மென்பொருளை எனக்கு நெருக்கமாக்கியது. முதல் இரண்டு முறைகளும் குறுக்குப்புள்ளிகளின் எண்ணிக்கையை ஒருபோதும் கூட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியே இறங்கிக்கொண்டே போனால் எல்லா வரைபடங்களும் அடித்தளத்தை எட்டிவிடுமா என்றால், எட்டாது. கோரிட்ஸ் 1934-இல் காட்டிய, 11 குறுக்குப்புள்ளிகள் கொண்ட முடிச்சற்ற வளையத்தின் வரைபடம் இதற்குப் பழைய சான்று. கல்ப்ரிட் என்ற பெயரால் அறியப்படும் இன்னொரு வரைபடத்தில் 10 குறுக்குப்புள்ளிகள் இருக்கின்றன; அதில் நீக்கத்தக்க சுழியும் இல்லை, விலக்கத்தக்க இழையும் இல்லை, மூன்றாம் நகர்வுக்கு இடமும் இல்லை. அதை அவிழ்க்க வேண்டுமானால் முதலில் 12 குறுக்குப்புள்ளிகள் வரை ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். பார்ப்பவருக்கு இது ஓர் உண்மையான முடிச்சாகவே தோன்றும். பேசிக் முறைக்கும் லெவல் முறைக்கும் அப்படித்தான்.

பிக்கப் முறை இந்தத் தடையை அணுகும் விதம் அழகானது. வரைபடத்தில் தொடர்ந்து மேலாகவே போகும் ஓர் இழைத்துண்டை எடுத்துக்கொள்வோம். அது வழியில் 7 இடங்களில் பிற இழைகளைக் கடக்கிறது என்று வையுங்கள். அத்துண்டு மற்ற எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதால், அதை அப்படியே தூக்கி, இரண்டு முனைகளையும் அசைக்காமல் வேறு எந்தப் பாதையில் கீழே வைத்தாலும் முடிச்சு மாறாது. ஆகவே மென்பொருள் அந்தத் துண்டை அழித்துவிட்டு, எஞ்சியிருக்கும் வரைபடம் தளத்தை எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கிறது என்று பார்த்து, ஒரு முனை இருக்கும் பகுதியிலிருந்து மறுமுனை இருக்கும் பகுதிக்கு மிகக் குறைந்த எல்லைகளைக் கடந்து செல்லும் பாதையைக் கண்டுபிடிக்கிறது. அப்பாதை 3 எல்லைகளை மட்டும் கடக்கிறது என்றால், ஒரே அடியில் 4 குறுக்குப்புள்ளிகள் போய்விடும். கீழாகவே போகும் துண்டுகளுக்கும் இதே கதைதான். இதை ரைடமைஸ்டர் நகர்வுகளாகப் பிரித்து எழுதினால், துண்டு ஒவ்வொரு குறுக்குப்புள்ளியைத் தாண்டும்போதும் ஒரு மூன்றாம் நகர்வும், ஒவ்வோர் இழையின் மேல் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓர் இரண்டாம் நகர்வும், தேவைப்படும் இடங்களில் முதல் நகர்வும் வரும். நடுவே குறுக்குப்புள்ளிகள் கணிசமாகக் கூடியிருக்கவும் கூடும். ஆனால் மென்பொருள் அந்த ஏற்றத்தை நடந்து கடப்பதில்லை. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஒப்பிட்டு, முடிவு சிறியதாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறது. நகர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பவருக்கு மலையாகத் தெரிவது இங்கே ஒரு குறும்பாதைக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. குளோபல் என்னும் நான்காவது முறை, லெவலையும் பிக்கப்பையும் இணைத்து மாறி மாறிப் பயன்படுத்துகிறது. தீவிரமான வேலைக்கு நான் பரிந்துரைப்பது எப்போதும் இதைத்தான்.

எதிர்த்திசையில் போகும் கட்டளையும் உண்டு. பேக்டிராக் என்னும் அது, எளிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு, குறுக்குப்புள்ளிகளைக் கூட்டும் அல்லது அப்படியே வைத்திருக்கும் நகர்வுகளைத் தற்செயலாகச் செய்து சிக்கலாக்கித் தருகிறது. எத்தனை அடிகள், அவற்றில் எத்தனை பங்கு முதல் நகர்வு, எத்தனை பங்கு இரண்டாம் நகர்வு என்பதையும் சொல்லலாம். வகுப்பில் பயிற்சிக் கணக்குகள் உருவாக்க இது மிகவும் உதவும். இதைக் கொண்டு மென்பொருளின் வலிமையை அளக்க முனைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தற்செயலாகச் சிக்கலாக்கிய வரைபடத்தில் நீக்கத்தக்க சுழிகளும் விலக்கத்தக்க இழைகளும் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். பேக்டிராக் போட்ட சிக்கலை சிம்பிளிஃபை அவிழ்த்துவிட்டது என்பதைக் கொண்டு, கல்ப்ரிட் போன்று திட்டமிட்டுக் கட்டிய கடின வரைபடங்களைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது.

குறைக்கு வருகிறேன். சிம்பிளிஃபை கட்டளை வேலையை முடித்ததும் திருப்பித் தருவது ஆம் அல்லது இல்லை என்னும் ஒற்றை விடை மட்டுமே: குறுக்குப்புள்ளிகள் குறைந்தனவா, இல்லையா. எந்த நகர்வு எங்கே நடந்தது என்னும் பதிவு கிடைப்பதில்லை. எளிமையான வரைபடத்தைத் திரையில் காட்டச் சொன்னாலோ, அது நேர்க்கோடுகளும் செங்கோணத் திருப்பங்களுமாகப் புதிதாக வரையப்பட்டு வருகிறது. நீங்கள் கையால் வரைந்த வளைவுகளுக்கும் அதற்கும் எந்த ஒற்றுமையும் இருப்பதில்லை. 20 குறுக்குப்புள்ளிகளோடு போன படம் 4 குறுக்குப்புள்ளிகளோடு திரும்பி வருகிறது. எந்த இழை எதுவாயிற்று என்று கண்ணால் தொடர வழியே இல்லை. ஆய்வாளருக்கு இது ஒரு பொருட்டல்ல, ஏனென்றால் அவருக்கு வேண்டியது அடுத்த கணக்கீட்டுக்கு ஏற்ற சிறிய வரைபடம். நகர்வுகளைக் கற்க வந்த மாணவருக்கோ அந்தப் பதிவுதான் வேண்டியது, அதுதான் இல்லை.

இந்தப் பதிவு வெறும் கற்பித்தல் வசதி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நகர்வுகளின் தொடர் எவ்வளவு நீளும் என்பது இத்துறையின் ஆழமான கேள்விகளில் ஒன்று. முடிச்சற்ற வளையத்தின் எந்த வரைபடத்தையும் அவிழ்க்கத் தேவையான நகர்வுகளுக்கு ஹாஸும் லகாரியஸும் 2001-இல் கொடுத்த மேல்வரம்பு, குறுக்குப்புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அடுக்குமுறையில் வளர்வது. மார்க் லாக்கன்பி 2015-இல் அதைப் பல்லுறுப்புக்கோவை அளவுக்கு இறக்கினார்: குறுக்குப்புள்ளிகளின் எண்ணிக்கையை 236-ஆல் பெருக்கி, வருவதைப் பதினோராம் அடுக்குக்கு உயர்த்தினால் கிடைக்கும் எண்ணிக்கைக்குள் அவிழ்த்துவிடலாம். கோட்பாட்டளவில் இது மாபெரும் முன்னேற்றம். ஆயினும் 10 குறுக்குப்புள்ளிகளுக்கே அந்த வரம்பு 38 இலக்க எண்ணாக வருகிறது. மறுபுறம், குறுக்குப்புள்ளிகளின் இருபடி அளவுக்கு நகர்வுகள் கட்டாயமாகத் தேவைப்படும் வரைபடங்கள் உண்டு என்று ஹாஸும் நோவிக்கும் காட்டினர். கொடுத்த எண்ணிக்கைக்குள் ஒரு வரைபடத்தை அவிழ்த்துவிட முடியுமா என்று கேட்பதே என்பி-கடினமான சிக்கல் (விரைவான பொதுவழி இல்லை என்று கருதப்படும் வகை) என்பது 2019-இல் வெளிவந்த முடிவு. ஆகவே மிகக் குறுகிய தொடரை ஸ்னாப்பை தர வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. தான் உண்மையில் போன வழியை, அது எவ்வளவு சுற்றுவழியாக இருந்தாலும், எழுதித் தரலாம் அல்லவா? அது சாத்தியமற்ற கோரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை.

குறையவில்லை என்னும் விடையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிம்பிளிஃபை நின்றுவிட்டது என்பதால் அந்த வரைபடம் மிகச் சிறியது என்று நிறுவப்பட்டதாகாது. அது தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மேலும், வரைபடம் உண்மையிலேயே மிகச் சிறியதாக இருந்தாலும் கேள்வி முடிந்துவிடுவதில்லை. முடிச்சு அட்டவணைகளில் ஏறத்தாழ 75 ஆண்டுகள் இரண்டு வேறு முடிச்சுகளாக இடம்பெற்றிருந்த ஓர் இணையை, ஒன்றே என்று 1974-இல் கென்னத் பெர்கோ கண்டுபிடித்தார். இரண்டு வரைபடங்களிலும் 10 குறுக்குப்புள்ளிகள். அந்த முடிச்சுக்கு அதைவிடச் சிறிய வரைபடமே கிடையாது. ஒவ்வொரு குறுக்குப்புள்ளிக்கும் கூட்டல் ஒன்று அல்லது கழித்தல் ஒன்று என மதிப்பிட்டுக் கூட்டினால் வரும் முறுக்கெண் ஒன்றில் 8, மற்றொன்றில் 10. இரண்டாம், மூன்றாம் நகர்வுகள் முறுக்கெண்ணை மாற்றுவதில்லை. முதல் நகர்வு மட்டுமே ஒன்றைக் கூட்டும் அல்லது குறைக்கும். எனவே இந்த இரண்டு வரைபடங்களையும் இணைக்கும் எந்தத் தொடரிலும் சுழிகள் பிறந்தோ மறைந்தோ ஆக வேண்டும், குறுக்குப்புள்ளிகள் கூடித்தான் ஆக வேண்டும். குறைப்பதற்காகவே படைக்கப்பட்ட ஒரு கட்டளை இங்கே தொடங்கக்கூட முடியாது.

இந்த இடத்தில்தான் ஸ்னாப்பையின் மற்ற பாதி கைகொடுக்கிறது. முடிச்சை நீக்கிய பின் எஞ்சும் புறவெளியை எடுத்து, அதன் ஹைபர்போலிக் வடிவியலை (எங்கும் ஒரே அளவில் எதிர்மறையாக வளைந்த வெளியின் வடிவியலை) கணக்கிட்டு, இரண்டு புறவெளிகளும் ஒன்றா என்று ஒரே கட்டளையில் கேட்டுவிடலாம். புறவெளிகள் ஒத்துப்போனால் முடிச்சுகளும் ஒன்றே என்பதை, ஆடிப் பிம்ப வேறுபாடு நீங்கலாக, கார்டனும் லூக்கியும் 1989-இல் நிறுவியிருக்கிறார்கள். ஒன்றுதான் என்று மென்பொருள் சொன்னால் அதை நம்பலாம். வேறு என்று சொன்னால், அது தசமக் கணக்கின் துல்லியத்தைச் சார்ந்தது என்பதை மறக்கக் கூடாது. எட்டு வடிவ முடிச்சின் புறவெளிக்கு 2.0298832128 என்று கன அளவு வருவதைப் பார்த்தபின், எத்தனை சுழிகளைப் போட்டுக் குழப்பினாலும் அதே எண் திரும்பி வருவதைக் காண்பது, மாறாத மதிப்பு என்றால் என்ன என்பதற்கு நான் அறிந்த மிக நல்ல செயல்விளக்கம். மூவிலை முடிச்சுக்கு இந்த வழி பயன்படாது. அதன் புறவெளிக்கு ஹைபர்போலிக் வடிவியல் இல்லை. அத்தகைய முடிச்சுகளுக்கு அடிப்படைக் குலத்தையோ (புறவெளியில் வரையக்கூடிய மூடிய பாதைகளிலிருந்து கிடைக்கும் இயற்கணித அமைப்பு) பல்லுறுப்புக்கோவையையோ நாட வேண்டும்.

நகர்வுகளைத் தானே தேர்ந்தெடுத்துச் செய்ய விரும்புபவர்களுக்கு ரெஜினா என்னும் மென்பொருள் பொருந்தும். பென்ஜமின் பர்ட்டனும் உடனுழைப்பவர்களும் வளர்த்துவரும் அதில், மூன்று நகர்வுகளுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. எந்த இடத்தில் செய்ய வேண்டும் என்பதை நாமே சொல்லலாம், அங்கே அது சட்டப்படி செல்லுமா என்று சோதித்துச் சொல்லும். அதைவிட முக்கியமாக, இத்தனை குறுக்குப்புள்ளிகள் வரை கூடலாம் என்று உச்சவரம்பை வைத்துவிட்டு, அந்த வரம்புக்குள் நகர்வுகளால் எட்டக்கூடிய எல்லா வரைபடங்களையும் தேடச் சொல்லலாம். நேரம் மிகுதியாக ஆகும். ஆனால் வரம்புக்குள் வழி இல்லை என்றால் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் வலிமை அதற்கு உண்டு. 28 குறுக்குப்புள்ளிகள் கொண்ட ஒரு முடிச்சற்ற வளைய வரைபடத்தை அவிழ்க்கக் குறைந்தது 3 குறுக்குப்புள்ளிகளைக் கூடுதலாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்று பர்ட்டனும் மற்றவர்களும் காட்டியதும் இத்தகைய முழுமையான தேடலின் துணையோடுதான். விரைவும் வடிவியலும் வேண்டுமானால் ஸ்னாப்பை, ஒவ்வோர் அடிக்கும் கணக்கு வேண்டுமானால் ரெஜினா என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

கற்பிப்பவர்களுக்கு ஸ்னாப்பையை இவ்வாறு பயன்படுத்தச் சொல்வேன்: மாணவர் தாளில் ஒவ்வொரு நகர்வாக வரையட்டும், ஒவ்வோர் அடிக்குப் பின்னும் கிடைக்கும் வரைபடத்தைப் பிலிங்கில் உள்ளிட்டு, முடிச்சு மாறாமல் இருக்கிறதா என்று புறவெளியை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்றாம் நகர்வில் நடு இழையை மேலிழையாக மாற்றி வரைந்துவிடும் வழக்கமான பிழை அப்போது உடனே வெளிப்படும். சிம்பிளிஃபையைத் தொடுவதற்கு முன் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். அது கொடுத்த வரைபடத்தையே மாற்றிவிடுகிறது. மூலப் படம் வேண்டுமானால் முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். பல வளையங்கள் கொண்ட பிணைப்புகளைக் கொடுக்கும்போது, மற்றவற்றோடு பிணையாமல் தனியே நிற்கும் முடிச்சற்ற வளையங்களை அது எந்த அறிவிப்பும் இன்றி நீக்கிவிடக்கூடும் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எத்தனை வளையங்களோடு தொடங்கினீர்கள் என்பதை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு, முடிந்தபின் எண்ணிப் பாருங்கள்.